வணாக்பாராவில் ஓர் ஆவணி அவிட்டம்

(நமது சங்கத்தின் ஆகஸ்ட் 2025 மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிரயாண அனுபவம்" என்று தலைப்பு கொடுத்து இருபது நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். போன தடவை இதே மேடையில் முக்திநாத் யாத்திரை பற்றிக் கேட்டோம். அதற்கு முன்னால் அலாஸ்கா கப்பல் பிரயாணம், படங்களோடு. என்னிடம் படமும் இல்லை, பனிமலையும் இல்லை. நான் சொல்லப் போவது பரோடாவில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய் இறங்கிவிடக்கூடிய இடம். உங்களில் பாதிப்பேர் போயிருப்பீர்கள். ஆனால் நான் போன மூலைக்குப் போயிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நானும் முப்பத்தெட்டு வருஷம் போகாமல்தான் இருந்தேன்.

டையூவைத்தான் சொல்கிறேன். நாம் டையூ என்கிறோம். குஜராத்திக்காரர்கள் 'தீவ்' என்கிறார்கள். சம்ஸ்கிருத 'த்வீப'த்திலிருந்து வந்த சொல். நம் காதில் அது 'தீவு' என்றே விழும். அதனால் 'தீவ் தீவு' என்று சொன்னால் நடுசென்டர் மாதிரி ஆகிவிடும், மன்னிக்கவும்.

தீவு சின்னது. கிழக்கு மேற்காகப் பதினோரு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். கிழக்கு முனையில் போர்ச்சுகீசியர் 1535ல் ஆரம்பித்த கோட்டை, சர்ச்சுகள், கடைவீதி. தெற்குக் கரையில் சுண்ணாம்புப் பாறையும் மணலும். நாகோவா கடற்கரை அங்கேதான். வடக்குப் பக்கம் உப்பங்கழி, சேறு, உப்பளம். மேற்கு முனையில் வணாக்பாரா என்ற மீன்பிடி கிராமம். சுற்றுலா வருகிறவர்கள் கிழக்கையும் தெற்கையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குஜராத்தில் மதுவிலக்கு, டையூவில் இல்லை. ஆகவே நிறையப் பேர் கிழக்கையும் தெற்கையும்கூடப் பார்ப்பதில்லை, ஹோட்டல் அறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இங்கே யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

நான் முதலில் போனது 1986ல். வேராவலில் பாங்க் உத்தியோகம், கல்யாணமாகாத வயசு. அப்போது அது 'கோவா, டாமன், டையூ' யூனியன் பிரதேசம். அடுத்த வருஷம் மே மாதம்தான் கோவா தனி மாநிலமாகிப் பிரிந்தது. (2020 ஜனவரி 26 முதல் தாத்ரா, நகர் ஹவேலியோடு ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊரே தாண்டிவிடும்.) கோட்டை பார்த்தேன், நாகோவாவில் கால் நனைத்தேன், திரும்பிவிட்டேன்.

இரண்டாவது தடவை போன வருஷம், 2024 ஆகஸ்டில். ஆத்துக்காரிக்கு சோமநாதர் தரிசனம் பாக்கியிருந்தது. சனிக்கிழமை சோமநாதம், ஞாயிற்றுக்கிழமை டையூ, செவ்வாய் காலை வீடு என்று போட்டுவிட்டேன். டிக்கெட் எல்லாம் வாங்கிய பிறகு பஞ்சாங்கம் பார்த்தால் 19ஆம் தேதி திங்கட்கிழமை ஆவணி அவிட்டம். நம் வாத்யாரிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "மொபைல்ல வாங்கோ, பண்ணி வைக்கறேன். கொரோனா காலத்திலே பழகினதுதானே" என்றார். குரலில் கோபம் தெரிந்தது.

ஞாயிறு மத்தியானம் போய் இறங்கினால், சுதந்திர தினத்திலிருந்து ரக்ஷாபந்தன் வரை நீண்ட விடுமுறை. நாகோவாவில் நிற்க இடமில்லை. மழைக்காலக் கடல் பழுப்பு நிறத்தில் சீறிக்கொண்டிருக்கிறது, தண்ணீரில் இறங்காதே என்று சிவப்புக் கொடி. இறங்க முடியாதவர்கள் எல்லாம் கரையில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். பாட்டு ஒரு பக்கம், ஒட்டகம் ஒரு பக்கம். அந்தக் கடற்கரையில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: 'ஹோகா' என்ற பனை. நம் ஊர்ப் பனை ஒற்றைத் தண்டாக நேரே போகும், இது கவடு விட்டுக் கிளை கிளையாகப் பிரியும். பல தலை இருப்பதால் குஜராத்தியில் 'ராவண தாட்' என்றும் ஒரு பெயர். 2021 மே 17 ராத்திரி டவ்தே புயல் டையூவுக்கும் ஊனாவுக்கும் பக்கத்தில்தான் கரையேறியது. அதையும் தாங்கி நின்றிருக்கிறார்கள் இந்த ராவணர்கள்.

அங்கிருந்து தப்பித்து ஃபுதம் கிராமத்து கங்கேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். கடலோரக் குகையில் ஐந்து லிங்கங்கள். பாண்டவர் ஐவரும் பிரதிஷ்டை செய்தது என்று ஐதீகம். வெள்ளம் ஏறும் போது அலையே வந்து அபிஷேகம் செய்துவிட்டுப் போகிறது. அர்ச்சகர் தேவையில்லாத க்ஷேத்திரம்! ஆத்துக்காரி அரை மணி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தீவுக்கு ஜலந்தர க்ஷேத்திரம் என்று பழைய பெயர் சொல்கிறார்கள். துளசியான பிருந்தையின் புருஷன் ஜலந்தரனுக்கு இங்கே ஒரு சின்னக் கோயிலும் உண்டு.

ராத்திரி ஹோட்டலில் தூக்கமில்லை. கீழே விடுமுறை முழங்கிக்கொண்டிருந்தது. காலையில் ஆட்டோக்காரனிடம் "கூட்டமே இல்லாத இடமாகச் சொல்லப்பா" என்று கேட்டேன். அவன் யோசிக்காமல், "வணாக்பாரா. ஆனால் இன்றைக்கு அங்கேயும் கூட்டம், ஊர்க்காரர்கள் கூட்டம். நாரியேலி பூனம்" என்றான்.

அதற்கு முன்னால் என் உபாகர்மா நடந்தாக வேண்டும். விடிகாலை ஐந்தரைக்கு ஸ்நானம் செய்து, பால்கனியில் மொபைலைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காமோகார்ஷீத் ஜபம் ஆயிற்று. மஹாசங்கல்பம் பாதியில் சிக்னல் போய்விட்டது. நான் ஜம்பூத்வீபே, பாரதவர்ஷே வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். அந்த இடத்தில் நிற்கிறோமே என்று எனக்கே சிரிப்பு வந்தது. த்வீபத்தில் உட்கார்ந்துகொண்டு த்வீபத்தில் மாட்டிக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்து வாத்யார் திரும்பி வந்தார். பூணூல் மாற்றி, தர்ப்பணம் முடித்து எழுந்தபோது ஏழரை.

"ஏன்னா, மடியா பூணூல் மாத்திண்டு நேரா மீன் துறைக்கா?" என்றாள் ஆத்துக்காரி. நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அவளும் ஏறிவிட்டாள்.

பஸ் உப்பளங்களைத் தாண்டி, புச்சர்வாடா வழியாகப் போகிறது. வழியில் ஒரு விசித்திரம். சின்னச் சின்ன ஊர், ஆனால் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள். பச்சை, ரோஸ், ஊதா. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. 1961 டிசம்பர் 19 வரை இது போர்ச்சுகல். அதற்கு முன்னால் இங்கே பிறந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் லிஸ்பனில் பிறப்பைப் பதிந்துகொண்டு போர்ச்சுகல் பிரஜை ஆகலாம். ஆனார்கள். அந்த பாஸ்போர்ட்டில் நிறையப் பேர் இங்கிலாந்துக்கு, முக்கியமாக லெஸ்டருக்குப் போனார்கள். வீடு கட்டியது அந்தப் பணம். பிரிட்டன் ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அந்தக் கதவு சாத்திவிட்டது. போர்ச்சுகலுக்குப் போகலாம், லெஸ்டருக்கு நினைத்தபடி போக முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வணாக்பாரா. பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. ஆத்துக்காரி புடவைத் தலைப்பை எடுத்துக்கொண்டாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஐந்து நிமிஷத்தில் பழகிவிடும் என்று வேராவல் நாட்களிலேயே தெரியும்.

கழியின் கரை முழுக்க மரப் படகுகள், ஒன்றோடொன்று ஒட்டி. நூற்றுக்கணக்கில் இருக்கும். கழிக்கு அந்தப் பக்கம் குஜராத்தின் கோட்டடா. கரையில் முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்திய படகுகளுக்குப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார்கள். பக்கத்திலேயே புதுப் படகு ஒன்று விலா எலும்புகளோடு நிற்கிறது. வரைபடம் எதுவும் கண்ணில் படவில்லை. மேஸ்திரி கண்ணாலேயே அளக்கிறார். ஜூன் 1 பிறந்தால் மேற்குக் கரை முழுவதும் மீன்பிடித் தடை. தடைக்காலம் சர்க்கார் போட்டது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலேயே சௌராஷ்டிரக் கரையில் கோலிகளும் கார்வாக்களும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: சிராவண பௌர்ணமியன்று சமுத்திரத்துக்குத் தேங்காய் போட்ட பிறகுதான் வலை. நாம் வேதத்தைத் திரும்பத் தொடங்குகிற நாளில் அவர்கள் தொழிலைத் திரும்பத் தொடங்குகிறார்கள். நாற்பது வருஷம் குஜராத்தில் இருந்தும் இந்த இரண்டும் ஒரே நாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

படகுத் தலைவனை 'தண்டேல்' என்கிறார்கள். தூத்துக்குடி தோணிகளில் 'தண்டல்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மற்றவர்கள் கலாசிகள். வயசில் சின்னவன் சமையல் செய்வான், அவன் 'பண்டாரி'. ஏழெட்டுப் பேர், டீசல், ஐஸ், அரிசி, மாவு, குடிதண்ணீர் ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப இரண்டு மூன்று வாரம். இதெல்லாம் ஒரு தண்டேல் எனக்குச் சொன்னது. மீன் பற்றி நான் அதிகம் கேட்கவில்லை; அவரும் என் நெற்றியைப் பார்த்துவிட்டு அதிகம் சொல்லவில்லை.

பத்து மணிக்குப் பூஜை. படகுகளுக்கெல்லாம் கொடி, மாலை. பெண்கள் தட்டில் தேங்காய், குங்குமம், பூ, பால் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் வரிசையாக வந்தார்கள். பாடிக்கொண்டே ஆரத்தி. பிறகு தேங்காயைத் தண்ணீரில் விட்டார்கள். நம்மைப்போல உடைப்பதில்லை, முழுசாக விடுகிறார்கள். ஆத்துக்காரி எப்போது தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை. பார்க்கும்போது கை கூப்பிக்கொண்டு நின்றாள்.

வெயில் ஏறியது. நிழலுக்காக ஒரு வீட்டுத் திண்ணை ஓரம் ஒதுங்கினோம். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "ஏன் வெளியில் நிற்கிறீர்கள், பா, உள்ளே வாருங்கள்" என்று ஆத்துக்காரியைக் கூப்பிட்டாள். நாற்பது வயசு இருக்கும். என் சட்டைக் காலருக்குள்ளே மஞ்சள் குங்குமத்தோடு புதுப் பூணூல் தெரிந்திருக்கிறது. "காகா, ஜனோய் மாற்றிவிட்டீர்களா? எங்கள் பட்ஜியும் இன்றைக்குத்தான் மாற்றுவார். பளேவ் அல்லவா?" என்றாள்.

டீ கொண்டுவந்தாள். என் ஆத்துக்காரி வெளியில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், உங்களுக்கெல்லாம் தெரியும். சங்கத்து காப்பியையே வேண்டாம் என்பவள். அந்த டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். ஏன் என்று பஸ்ஸில் கேட்டேன். "அவ ஆத்துச் சுவரைப் பார்த்தேளா?" என்றாள்.

பார்த்திருந்தேன். சுவரில் ஒரு புருஷனின் போட்டோ. மாலை இல்லை. பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் மூன்று ராக்கி.

அவள் கணவன் 2021 டிசம்பரில் கட்ச் பக்கம் மீன் பிடிக்கப் போனவன். எஞ்சின் நின்று, ராத்திரியில் நீரோட்டத்தில் போய்விட்டதாம். காலையில் பாகிஸ்தான் ரோந்துக் கப்பல். படகோடு பிடித்துக்கொண்டு கராச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மலீர் ஜெயில். அவன் தங்கை வருஷா வருஷம் ரக்ஷாபந்தனுக்கு வந்து, கட்டக் கையில்லாமல், ஆணியில் கட்டிவிட்டுப் போகிறாள். அன்றைக்குக் காலையில்தான் மூன்றாவது.

இது அபூர்வமான விஷயம் இல்லை. கட்ச் முனையில் சர் க்ரீக் என்று 96 கிலோமீட்டர் நீளச் சதுப்பு ஓடை. எல்லை அதன் நடுவிலா, கிழக்குக் கரையிலா என்று இரு நாடுகளுக்கும் வழக்கு. ஓடையின் வாயில் எல்லை தீர்ந்தால்தானே கடலில் கோடு தீரும்? கரைக்கு அருகே மீன் குறைந்துவிட்டது. நல்ல மீன் வேண்டுமென்றால் அந்தப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. அவர்கள் நம் ஆட்களைப் பிடிக்கிறார்கள், நாம் அவர்கள் ஆட்களைப் பிடிக்கிறோம். 2008ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஜனவரி 1, ஜூலை 1 அன்றும் இரு நாடுகளும் கைதிப் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. 2024 ஜூலைப் பட்டியலில் அவர்களிடம் இருந்த மீனவர்கள் 211. தண்டனை சில மாதம்தான். அது முடிந்தாலும் உடனே விடுவதில்லை. நம் பிரஜைதான் என்று உறுதி செய்ய வேண்டும், இரண்டு சர்க்காருக்கும் மனசு வர வேண்டும். இரு தரப்பு ஓய்வுபெற்ற நீதிபதிகள் கொண்ட கமிட்டி ஒன்று ஜெயில்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அதுவும் 2013க்குப் பிறகு போகவில்லை.

அவளுக்கு ஒரு பையன், பதினேழு வயசு. கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கடலுக்கு அனுப்ப மாட்டேன் என்று அவள் பிடிவாதம். சித்தப்பா லெஸ்டரில் இருக்கிறார். ஆனால் போர்ச்சுகலில் தாத்தாவைப் பதிந்து, அப்பாவைப் பதிந்து, பிறகுதான் பிள்ளையைப் பதிய முடியும். தாத்தா ஆகிவிட்டது. நடுவில் இருப்பவர் கராச்சியில். பதிந்தாலும் லெஸ்டர் கதவு சாத்தியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பையனுக்குத் தெரிந்துதான் இருந்தது என்று தோன்றியது.

நான் பாங்கில் இருந்தவன் என்று தெரிந்ததும் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். இங்கிலீஷில் வந்த ஒரு காகிதம்; யாரும் சரியாகப் படித்துச் சொல்லவில்லையாம். படித்துச் சொன்னேன். பிரஜை என்று உறுதியாகிவிட்டது, நடவடிக்கையில் இருக்கிறது என்று இரண்டு வரி. டில்லிக்கு ஒரு மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். "ஊருக்குப் போனதும் எழுதி அனுப்புகிறேன் பென்" என்றேன். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன், பக்கத்து வீட்டு நம்பர் வாங்கிக்கொண்டேன்.

இப்போது உங்கள் முன்னால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மனுவை நான் எழுதியது தீபாவளிக்கு அப்புறம். நடுவில் நவராத்திரி வந்தது, பேரனுக்கு ஆண்டு நிறைவு வந்தது, கண் ஆபரேஷன் வந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான் படகின் பதிவு எண்ணே என்னிடம் இல்லை என்று தெரிந்தது. முப்பது வருஷம் லோன் பேப்பர் பார்த்தவன், எண் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவன் நான். போன் செய்தேன். அந்தப் பையன் ஐ.என்.டி., டி.டி. என்று ஆரம்பித்து மனப்பாடமாக ஒப்பித்தான். இரண்டரை மாசமாக என் போனுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனு போயிற்று, கிடைத்தது என்று பதிலும் வந்தது.

இந்த வருஷம் பிப்ரவரி 22 வாகா வழியாக 22 மீனவர்கள் திரும்பினார்கள். அதில் மூன்று பேர் டையூக்காரர்கள் என்று பேப்பரில் பார்த்ததும் ஆத்துக்காரி, "உடனே போன் பண்ணுங்கோ" என்றாள். பண்ணினேன். அந்த மூவரில் அவன் இல்லை. "அடுத்த தடவை வருவார், காகா" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். ஏப்ரலில் பஹல்காம் நடந்தது, வாகா-அட்டாரி வாசலை மூடினார்கள், மே மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜூலை 1 பட்டியல் மட்டும் நிற்காமல் வந்தது. மீனவர்கள் 193.

இந்த வருஷ ஆவணி அவிட்டம் 9ஆம் தேதி இதே ஹாலில் நடந்தது, நீங்களெல்லாம் இருந்தீர்கள். மத்தியானம் சாப்பாடு ஆனதும் வணாக்பாராவுக்குப் போன் செய்தேன். பூஜை நன்றாக நடந்தது என்றாள். பின்னால் ஒரே சத்தம், பாட்டு. பையன் எங்கே என்று கேட்டேன். மாமாவின் படகில் பெயிண்ட் வேலை செய்துகொண்டிருக்கிறான், பதினெட்டு முடிந்துவிட்டது, இந்த சீசனுக்குப் பண்டாரியாகப் போகிறான் என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள், "ரொட்டி நன்றாகச் சுடுவான், காகா. பயமில்லை, மாமா தூரம் போக மாட்டார்" என்றாள்.

பிறகு, "நாலாவது ராக்கியும் வந்தாயிற்று" என்றாள். "நீங்கள் ஜனோய் மாற்றிவிட்டீர்களா?"

மாற்றிவிட்டேன் என்றேன்.